கூழன் விழும் சத்தம்

மேட மாதத்தில், நடுராத்திரியில், பின்விளையில் 'பொத்'தென்று ஒரு சத்தம் கேட்கும். பாட்டா படுத்த இடத்திலிருந்தே சொல்லுவார்: "கூழன் விழுந்துட்டு." அதன்பிறகு எங்களுக்குத் தூக்கம் ஏது? டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுவோம். மரநாயும் எறும்பும் வந்து சேருமுன் போக வேண்டும். பிலாவின் மூட்டில் வாய் பிளந்து கிடக்கும் சக்கையைக் கண்ணால் பார்க்குமுன்பே மணம் வந்து முகத்தில் மோதும்.

பாறசாலையையும் களியக்காவிளையையும் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் பலாப்பழம் என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியூர் என்று தெரிந்துவிடும். மரம் பிலாவு, பழம் சக்கை. மாதங்களும் எங்களுக்கு மீனம், மேடம், இடவம்தான். மாநில எல்லை பிரிந்த 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மாமி வீடு அந்தப் பக்கம் ஆனது, எங்கள் வீடு இந்தப் பக்கம். தமிழ்நாட்டுக்கு மாநிலப் பழம் பலா. கேரளமும் 2018 மார்ச்சில் சக்கையையே மாநிலப் பழமாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் எல்லையில் பிறந்தவர்களுக்குப் புரியும்.

சக்கையில் வருக்கை, கூழன் என்று இரண்டு சாதி. வருக்கையின் சுளை கடித்தால் நறுக்கென்று இருக்கும். விருந்தாளிக்கும் சந்தைக்கும் போவது அது. கூழன் குழைந்து வழுக்கும், விலைக்குப் போகாது. என் நாக்குக்குக் கூழன்தான் உயர்வு. கத்தி வேண்டாம். இரண்டு கையாலும் பிளந்தால் போதும். சுளை தொண்டையில் இறங்கும்போது தேன் இறங்குவது போலவே இருக்கும். அதை எடுத்து வைத்து நாளைக்குத் தின்ன முடியாது, வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பவும் முடியாது. விழுந்த இடத்தில், விழுந்த நேரத்தில் நாம் இருக்க வேண்டும்.

வருக்கை வெட்டுவது வேறு விதம். அம்மாச்சி முற்றத்தில் சாக்கு விரித்து, வெட்டுகத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவாள். "சக்கை வெட்டப் போறேன், வாங்க மக்களே" என்று ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். பதினைந்து கிலோ சக்கையை ஒரு வீடு தனியாகத் தின்று தீர்க்க முடியுமா? யார் வீட்டு மரத்தில் முதலில் பழுத்தாலும் அது எல்லாருக்கும் முதல் சக்கை. மடல் மாட்டுக்குப் போகும். கொட்டை மழைக்காலக் கறிக்காக மண்ணில் புதைந்திருக்கும். மிஞ்சிய சுளை, அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்ந்து தெரளியிலையில் வெந்து சாயங்காலம் அப்பமாக வரும். பிலாவிலையைக் கோட்டிக் கஞ்சி கோரிக் குடித்த தலைமுறை நாங்கள். அந்த மரத்தில் வீணாய்ப் போனது என்று ஒன்றையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. எதிரிகள் துரத்தியபோது, பின்னால் திருவிதாங்கூர் ராஜாவான மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் கதை. பாட்டா என்னைக் கூட்டிப்போய் அந்தப் பொந்தைக் காட்டியபோது, ராஜாவைவிட அந்த மரம் காய்த்த சக்கை வருக்கையா கூழனா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கோட்டுக்கோணம் என்ற சின்ன ஊர், செம்மஞ்சள் சதையுள்ள ஒரு மாம்பழத்துக்குத் தன் பெயரையே கொடுத்திருக்கிறது. அதற்குப் புகழ் உண்டு, விலையும் உண்டு. எனக்குக் கவலை புகழில்லாத பழங்களைப் பற்றி. கொல்லாம்பழத்தை, அதாவது முந்திரிப்பழத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். பறங்கியர் கொண்டுவந்த மரம். அண்டியைத் திருகி எடுத்துக் கடைக்குக் கொடுப்பார்கள், பழம் பிள்ளைகளுக்கு. உப்புத் தொட்டுக் கடித்தால் சாறு முழங்கை வரை ஓடும், தொண்டை லேசாகக் காறும், சட்டையில் பட்ட கறை அந்தச் சட்டை கிழியும்வரை போகாது. பறித்த மறுநாளே அழுகிவிடும் பழம் எந்தக் கடைக்கு வரும்?

அயினியின் கதை இன்னும் வருத்தமானது. வானத்துக்கு நேராக ஓடும் மரம்; கிளை தொடங்குவதே தென்னை உயரத்தில். பழம் கைக்குள் அடங்கும், மேலெல்லாம் பூமுள். தோலைச் சுருள் சுருளாக உரித்தால் உள்ளே செம்மஞ்சள் முத்துகள் நெருங்கி ஒட்டியிருக்கும். இனிப்புக்குள்ளே மெல்லிய புளிப்பு. துப்பிய கொட்டையைக் காயவைத்து வறுத்தால் நிலக்கடலை தோற்றுப்போகும். ஏறத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். தடிக்கு நல்ல விலை; கதவும் நிலையும் செய்ய ஒவ்வொன்றாகச் சாய்த்தார்கள். சாய்ந்த இடங்களில் ரப்பர் வந்தது. எங்கள் விளையில் நின்ற மூன்றில் இரண்டு போய்விட்டன. அந்த இரண்டும் போனபோது நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

இடவப்பாதி மழை விழுந்தால் எல்லாம் முடிந்தது. சக்கையில் தண்ணீர் ஏறி இனிப்பு இறங்கிவிடும், மாம்பழத்தில் புழு. அதற்கு முந்திய சில வாரங்கள்தான் எங்களுக்குக் காலம்.

போன மேடத்தில் மிச்சமிருக்கும் அயினியில் ஆள் ஏற்றிப் பறித்தேன். பன்னிரண்டு பழம் கிடைத்தது. ஆறைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மத்தியானத்துக்குள் களியக்காவிளை தாண்டி மாமி வீட்டில் கொடுத்தேன். மாமிக்குக் கண் சரியில்லை. பையை வாங்கியதும் மூக்கில் வைத்தாள். "அயினியா மக்கா? எந்த மரம், கிணத்துப் பக்கத்து மரமா?" அது இப்போது இல்லை என்றேன். ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து உரித்துத் தின்றாள். கொட்டைகளை ஒரு சிரட்டையில் சேர்த்தாள். தின்று முடித்ததும் விரலால் தடவிப் பார்த்து நாலைந்து பெருங்கொட்டைகளைத் தனியே எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதை வறுக்காண்டாம்," என்றாள். "கிணத்துப் பக்கத்துல போடு."