பதினோராவது பொருத்தம்

நம் நாட்டில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். தினப் பொருத்தம், கணப் பொருத்தம் என்று தொடங்கி, ரஜ்ஜு, வேதை வரையில் ஜோசியர் விரல் விட்டு எண்ணிச் சொல்லி விடுவார். ஆனால் ஒரு குழந்தைக்குத் தாயாகவோ தந்தையாகவோ தனித்து நிற்பவர் மறுபடியும் மணம் செய்துகொள்ள எண்ணினால், பதினோராவது பொருத்தம் ஒன்று வேண்டியிருக்கிறது. வரப்போகிறவருக்கும் அந்தக் குழந்தைக்கும் உள்ள பொருத்தந்தான் அது. அதைக் கணிக்க எந்தப் பஞ்சாங்கமும் உதவாது.

புதுவையைச் சேர்ந்த பாகூர் என்றதும், சரித்திரம் படித்தவர்களுக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு ஞாபகத்துக்கு வரும். ஒன்பதாம் நூற்றாண்டில் அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் மானியமாக விடப்பட்டன. அப்படிக் கல்விக்குப் பெயர்போன சீமையில் நாம் கற்றுக்கொண்ட பாடமோ, ஒரு கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் நடந்தது!

அந்தச் சங்கத்தில் கணக்கு எழுதும் பெண்மணி நமக்குப் பழக்கமானவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஆறு வயதுப் பையன் ஒருவன், மகனைப் பறிகொடுத்த மாமியார் ஒருவர், இவ்வளவுதான் குடும்பம். பால் சங்கத்து வேலை விடியுமுன்பே ஆரம்பமாகிவிடும். மாமியாருக்கு உடம்பு முடியாத நாட்களில் பையனும் தூக்கக் கலக்கத்தோடு தாயாருடன் வந்து, காலிக் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பான்.

பாலைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர் மணமாகாத இளைஞர். அவர் அந்த அம்மாளைப் பார்த்துப் புன்னகை செய்ததாகவோ, கடிதம் எழுதியதாகவோ யாரும் சொல்லக் கேட்டதில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். தரையெல்லாம் பாலும் தண்ணீருமாக இருக்கும்; பையனுடைய புத்தகப் பை நனையாதபடி தினந்தோறும் அதை எடுத்து ஆணியில் மாட்டி வைப்பார். லாக்டோமீட்டர் பாலில் மிதப்பதைப் பையன் வேடிக்கை பார்ப்பான். "தண்ணீர் கலந்திருந்தால் இது காட்டிக் கொடுத்துவிடும், தம்பி" என்று அவர் விளக்குவார்.

மனிதர்களைச் சோதிப்பதற்கும் ஒரு லாக்டோமீட்டர் உண்டு. சேர்ந்து செய்யும் தினசரி வேலைதான் அது. பெண் பார்க்க வரும் ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் நல்லவராக இருந்துவிடலாம். கேன் ஏற்றும் லாரி தாமதமாக வருகிற நாளிலும், கணக்கில் இரண்டு லிட்டர் உதைக்கிற நாளிலும் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தில் அல்லவா கலப்படம் தெரிந்துவிடும்? அந்த அம்மாள் ஒன்றரை வருஷம் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை.

விஷயம் மாமியார் காதுக்கு எட்டியது. "நீ எங்கே வேண்டுமானாலும் போ, பேரனை மட்டும் விட்டுவிட்டுப் போ" என்றார்.

இந்த வார்த்தை அந்த மூதாட்டியின் சொந்தக் கற்பனையன்று. ஈசுவர சந்திர வித்யாசாகரின் அரிய முயற்சியால் 1856-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் விதவா விவாகச் சட்டம் பிறந்தது. அதன் இரண்டாம் பிரிவின்படி, மறுமணம் செய்துகொண்டவளுக்கு முதல் கணவன் சொத்தில் உள்ள பாத்தியதை, அவளே இறந்துபோனாற்போல அற்றுப்போகும். மூன்றாம் பிரிவின்படி, உயிலில் ஏற்பாடு இல்லாத பட்சத்தில், குழந்தைகளுக்கு வேறு கார்டியனை நியமிக்கும்படி இறந்தவனின் உறவினர் கோர்ட்டில் மனுச் செய்யலாம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூருக்கும் வில்லியனூருக்கும் அந்தச் சட்டம் செல்லாதுதான். ஆனால் பிரெஞ்சுக் கிராமமும் பிரிட்டிஷ் கிராமமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த சீமை அது. மனிதர் எண்ணங்கள் சுங்கச் சாவடியில் நிற்கின்றனவா? அச்சட்டம் 1983-இல் ரத்தாகிவிட்டது. குழந்தையின் நலனே பிரதானம் என்று 1956-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டம் சொல்லுகிறது. சட்டம் மாறினாலும் வீட்டுத் திண்ணையில் பழைய பிரிவுகளே இன்னும் அமுலில் இருக்கின்றன.

ஒரு நாள் மாலை அந்த இளைஞர் மூதாட்டியின் வீட்டுக்கே போனார். "அம்மா! பையனை உங்களிடமிருந்து பிரிக்க நான் வரவில்லை. நீங்கள் மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு நாலாவது ஆளாக வரலாமா என்று கேட்கத்தான் வந்தேன்" என்றார்.

மூதாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உட்கார் தம்பி, காபி போடுகிறேன்" என்றார். அந்தப் பாலை யாரும் சோதிக்கவில்லை!

பையன் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று உறவினர்கள் சர்ச்சை செய்தார்கள். "அவன் இஷ்டம்" என்றார் அவர். சுவரில் மாட்டியிருந்த தந்தையின் படம் அதே இடத்தில் இருக்கிறது.

இது புது நாகரிகம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். மகரிஷி கார்வே மனைவியை இழந்தபோது அவருக்கு ரகுநாத் என்ற சிறுவன் இருந்தான். பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் படித்த கோதுபாய் என்ற விதவையை 1893-இல் அவர் மணந்தார். சொந்த ஊரான முரூடில் ஜாதிக் கட்டுப்பாடு செய்தார்கள். அதனால் என்ன கெட்டுவிட்டது? கார்வே 1916-இல் பெண்களுக்கென்று ஒரு சர்வகலாசாலையை ஸ்தாபித்தார். 1958-இல் பாரத ரத்னம் ஆனார். ரகுநாத்தும் கர்ப்பத்தடைப் பிரசாரத்தில் நாட்டுக்கே முன்னோடியாக விளங்கினார்.

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி பிரதிநிதிகள் 178 பேர் வோட்டளித்தார்கள். 170 பேர் தாய்நாட்டுடன் இணைய விரும்பினார்கள். ஒரு சீமையின் விடுதலைக்கு ஒரு நாள் வோட்டு வழி திறந்தது. வீட்டுக்குள் விடுதலை நுழையத்தான் இவ்வளவு காலதாமதம்!

"குழந்தை என்ன ஆகும்?" என்று கேட்பது நியாயமான கேள்வியே. ஆனால் கதவைச் சாத்துவதற்காக அதைக் கேட்கக் கூடாது. பதிலைக் கேட்கிற பொறுமையோடு கேட்க வேண்டும். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் வந்து நின்றால், ஜாதகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் குழந்தையின் புத்தகப் பையை யார் எடுத்து மாட்டுகிறார் என்று பாருங்கள்.