ஆசைக்கு ஓர் அளவுகோல்

சில ஆண்டுகளுக்கு முன் நியூஜெர்ஸியில் என் தங்கை மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். புரட்டாசி பிறந்து குளிர் மெல்லத் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் இரவு, சாப்பாடு முடிந்தபின், பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்த அவன் மகள், ஏதோ ஒரு கல்லூரி அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து அதிலிருந்த படங்களையும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கொண்டிருந்தாள். படிக்கிறவர்களின் வேகமாக அது தோன்றவில்லை.

"படிக்காமலே புரட்டுகிறாயே, அம்மா?" என்று கேட்டேன்.

"நான் திறந்து பார்க்கிறேனா என்று அவர்கள் அங்கிருந்து பார்க்கிறார்கள், தாத்தா!" என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் பல தனியார் கல்லூரிகள், மனுப் போடும் பிள்ளைக்குத் தங்களிடம் உண்மையான விருப்பம் உண்டா என்று கணக்கு வைத்துக் கொள்கின்றன. கல்லூரியை நேரில் வந்து பார்த்தானா, அதிகாரி பள்ளிக்கு வந்தபோது போய்ப் பேசினானா, அனுப்பிய கடிதத்தைத் திறந்தானா என்பதெல்லாம் ஏட்டில் ஏறுகிறது.

காரணம் எளியது. ஒரு பிள்ளை பத்துப் பதினைந்து கல்லூரிகளுக்கு மனுப் போடுகிறது. சேரப் போவதோ ஒன்றில். இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேருவார்கள் என்று தெரியாமல் கல்லூரி திண்டாடுகிறது. குறைந்தால் விடுதி அறைகள் காலியாகக் கிடக்கும். மிகுந்தால் படுக்க இடமிராது. நம் பக்கத்தில் பெண் கேட்டுப் போகுமுன், 'அவர்களுக்குச் சம்மதம்தானா?' என்று ஆள் விட்டு விசாரிப்பதில்லையா? அந்தக் கதைதான். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஹார்வர்டு அழைப்பவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்து விடுகிறார்கள். கூட்டம் தானாக வருகிற கோயிலில் பக்தர்களின் பக்தியை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?

விருப்பத்தைக் காட்டுவதற்கு எல்லாவற்றிலும் பலமான வழி ஒன்று இருக்கிறது. நவம்பர் மாதத்திலேயே ஒரே ஒரு கல்லூரிக்கு, "இடம் கொடுத்தால் வேறெங்கும் போக மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பது. பிள்ளை, பெற்றோர், பள்ளி ஆலோசகர் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். நிச்சயதாம்பூலம் மாற்றிக் கொள்வது போலத்தான்.

தங்கை மகனுக்குத் தூக்கம் போனது இதனால்தான். பென்ஸில்வேனியாவில் ஒரு சிறு கல்லூரி அவன் மகளுக்குப் பிடித்திருந்தது. அங்கே பல தனியார் கல்லூரிகளில் உணவும் விடுதியும் சேர்த்து ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. இவனுக்கு வீட்டுக் கடனும் இன்னொரு பிள்ளையும் உண்டு.

"கையெழுத்துப் போட்டால் இடம் கிடைக்க வழி அதிகம், மாமா. ஆனால் போட்டபிறகு அவர்கள் கொடுக்கும் உதவித்தொகைதான். நாலு கல்லூரி தருவதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது" என்றான். கட்டவே முடியாத தொகையானால் விலகிக் கொள்ளலாமாம். ஆனாலும், விலையைக் கேட்குமுன் பையை நீட்டிவிட்டவனின் நிலைதானே அது?

உதவித்தொகை என்ற சொல்லே அங்கே இரண்டு பொருள் தருகிறது. 1643ஆம் ஆண்டில் ஆன் ராட்கிளிஃப் என்ற லண்டன் சீமாட்டி, ஏழை மாணவன் ஒருவன் படிக்கட்டும் என்று ஹார்வர்டுக்கு 100 பவுன் கொடுத்தார். அது தருமம். இன்று பல கல்லூரிகள் திறமைக்கென்று தரும் தொகையில் பெரும்பங்கு, நல்ல மாணவரைத் தம் பக்கம் இழுப்பதற்கான தள்ளுபடி. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அது கிடைக்கும். இன்னொரு பக்கம், மனுவைப் பரிசீலிக்கும்போதே குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. காரில் குடும்பத்தோடு போய்க் கல்லூரியைச் சுற்றிப் பார்ப்பதும், தொகையைப் பற்றிக் கவலைப்படாமல் கையெழுத்திடுவதும் யாருக்குச் சுலபம் என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் பணம் இருப்பவனின் ஆசை, ஆசை அதிகம் உள்ளவனின் ஆசையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. நான் புகுமுக வகுப்பில் சேர்ந்த ஆண்டு, எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் என் கட்டணத்தைக் கட்டினார். மூன்று தவணைக்கும் மூன்று முறை அவர் வீட்டுத் திண்ணை ஓரம் காலையிலிருந்து நிற்க வேண்டும். பார்த்தும் பாராதவர் போல் உள்ளே போவார், வருவார். உச்சி வேளைக்குத்தான், "படிப்பில் ஆசை இருக்கிறதாடா?" என்று கேட்பார். "இருக்கிறது, ஐயா" என்பேன். ஆசை இருந்தது உண்மை. ஆனால் சொல்லும்போதெல்லாம் பொய் சொல்வது போல் நாக்குக் கூசும்.

பெண் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பரில் அந்தக் கல்லூரிக்காரர் ஒருவர் பேட்டி கண்டபோது, "எங்கள் கல்லூரிதான் உன் முதல் விருப்பமா?" என்று கேட்டாராம். "மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் உதவித்தொகை எவ்வளவு என்று தெரிந்தபிறகுதான் சொல்ல முடியும்" என்று பதில் சொன்னாளாம். நான் ஊர் திரும்பியபின் தொலைபேசியில் அவளே சொன்னாள். பங்குனியில் முடிவு வந்தது. காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர்.

தன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். "அவள் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம், மாமா" என்று அவள் தந்தை இன்றும் குறைப்படுகிறான். அந்தப் பதிலால்தான் இடம் போயிற்றா, வேறு காரணமா என்று யாரும் சொல்லப் போவதில்லை.

நான் அவனோடு வாதாடவில்லை. இடத்தின் அருமை இடம் தேடி நின்றவனுக்குத் தெரியும். ஆனால் திண்ணை ஓரத்தில் நின்ற அந்தப் பையனுக்கு இப்படி ஒரு பதிலைச் சொல்லலாம் என்பதுகூட அன்று தோன்றவில்லை.