விமானமில்லாத கப்பல்

ஏப்ரல் 5

1942இல் இதே நாள், உயிர்த்த ஞாயிறு, கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்தது. முதல்நாளே கொக்கலையிலிருந்து கட்டலினாவில் பறந்த கனடிய விமானி பேர்ச்சல், ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டுவிட்டார். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். ஆனால் செய்தி கொழும்புக்கு எட்டிவிட்டது.

வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "நாங்க பட்ட யுத்தம் காணாதா மகன்?" என்றார். 1990ஐக் கல்முனையில் கண்ட மனிதர். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 9

ஒலுவில் வளாக நூலகம். பகல் முழுக்க ஹேர்மிஸ்தான், 1942இல் இதே நாளில் மூழ்கிய பிரித்தானியக் கப்பல். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல். திருகோணமலைக்கு அடி வருகிறதென்று முந்தின இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்தது. காலையில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டது. அதில் ஒரு விமானமும் இல்லை! அதன் விமானப் பிரிவு கரையிலேயே நின்றுவிட்டது. இரத்மலானையிலிருந்து உதவி விமானங்கள் வந்தபோது கப்பல் தண்ணீருக்குக் கீழே. 307 பேர் போனார்கள். கூடவந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் தப்பவில்லை. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேரளவில் தூக்கியெடுத்தது.

ஆபத்து வருவது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும் தலைக்கு மேலே காவல் இல்லை. பீரங்கிகளின் எண்ணிக்கையைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஏப்ரல் 12

விடுதியில் வாக்குவாதம். பெரிய கடற்படை இல்லாத நாட்டுக்குப் பாதுகாப்பென்று என்ன இருக்கிறது என்றான் கூட்டாளி. நான் 1971ஐ எடுத்தேன். இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கச் சிறிமாவோ அரசு கேட்டது. டிசம்பர் 16 அன்று ஐ.நா. பொதுச்சபை 2832ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே நாள்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் விமானந்தாங்கி எண்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவில் நின்றது! அதே வருடம் பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் எண்ணெய் நிரப்பிப் போயின. அவன் சிரித்தான், சிரிக்கலாம்தான்.

ஆனாலும் 2022இல் சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டில்லியும் பீஜிங்கும் கொழும்பை இரண்டு பக்கமும் இழுத்தன. 2024 தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வருடத் தடை. சீனாவின் பெயரைச் சொல்லாமலே சீனக் கப்பலை நிறுத்தினார்கள். எவர் பெயரையும் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே விதி கேட்பது: எண்டர்பிரைஸை அசைக்காத அந்த 1971இன் தந்திரம் இந்த முறை பலித்தது. இறுதி வருட ஆய்வுக்கு இதையே தலைப்பாகக் கேட்கப்போகிறேன். மேற்பார்வையாளர் திங்கள் வரச் சொன்னார்.