தம்பியின் கை மெதுவல்ல

என் தம்பிக்குக் கை வேகம் போதாது என்று அவனை நம்ப வைத்தவன் நான். பொய் என்று தெரிந்தே செய்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைத் திருத்தாமலும் இருந்தேன்.

2003 கோடை விடுமுறை, கரூர். எனக்குப் பதினாறு வயது, அவனுக்குப் பன்னிரண்டு. வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த யு.எஸ்.பி. கீபோர்டு அது. பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் 'மேம்' என்ற மென்பொருளைப் போட்டு, 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97' ஆடுவோம். முதல் ஆட்டக்காரருக்கு நான்கு அம்புக்குறிகளும், அடிக்க கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ், ஷிப்ட் ஆகியவையும். இரண்டாமவர் நகர ஆர், எஃப், டி, ஜி. அடிக்க ஏ, எஸ், க்யூ, டபிள்யூ. மூத்தவன் என்ற உரிமையில் அம்புக்குறிப் பக்கம் எப்போதும் எனக்கு.

கீழ் அம்பையும் இடது அம்பையும் சேர்த்துப் பிடித்தால் என் ஆள் குனிந்து தடுப்பான். அப்படிப் பிடித்திருக்கும்போதெல்லாம் தம்பியின் குத்து வராமல் போவதை ஒருநாள் கவனித்தேன். அவன் டியூஷன் போயிருந்த நேரத்தில் நோட்பேடைத் திறந்து சோதித்தேன். இரண்டு அம்புகளையும் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். பெரும்பாலான எழுத்துகள் வந்தன. ஏ வரவில்லை. க்யூ வரவில்லை. அந்த விளையாட்டில் அவனுடைய இரண்டு குத்துகளும் அந்த இரண்டு பொத்தான்கள்தான்.

காரணம் பின்னால் கல்லூரியில்தான் புரிந்தது. நூற்றுச் சொச்சம் பொத்தான்களுக்குத் தனித்தனிக் கம்பி இழுத்தால் கட்டாது. அதனால் வலைபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டிருப்பார்கள். எட்டுக்குப் பதினாறு என்று போட்டாலே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். ஒவ்வொரு பொத்தானும் ஒரு சந்திப்பு. ஒரே வரிசையில் இரண்டு பொத்தான்கள் அழுந்தியிருக்க, அவற்றில் ஒன்றின் நெடுக்குக் கோட்டிலுள்ள மூன்றாவதும் அழுந்தினால், மின்னோட்டம் சுற்றிவந்து யாரும் தொடாத நான்காவது பொத்தானும் அழுந்தியதுபோல் காட்டும். இதைத்தான் 'கோஸ்டிங்' என்கிறார்கள். அந்தப் பொய் எழுத்து திரையில் வந்துவிடாமலிருக்க, கீபோர்டுக்குள் இருக்கும் சிப் மூன்றாவது பொத்தானையே கணக்கில் எடுக்காது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு டையோடு வைத்து மின்னோட்டத்தை ஒரே திசையில் விட்டால் இந்தச் சிக்கலே இல்லை. மலிவான கீபோர்டுகளில் வைப்பதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றும் மற்றவற்றோடு சேர்த்து அழுத்துவதற்கென்றே இருப்பவை என்பதால், பெரும்பாலும் அவற்றுக்குத் தனிக் கோடு உண்டு. என் அடிகளில் மூன்று அந்தப் பாதுகாப்பில் இருந்தன. தம்பியின் எட்டுப் பொத்தான்களும் எழுத்துக் கூட்டத்துக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன.

நோட்பேடில் பார்த்த அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அதை ஆயுதமாக்கிக்கொண்டேன். அவன் நெருங்கிவந்து அடிக்கப் போகிறான் என்று தெரிந்ததும் இரண்டு அம்புகளையும் பிடித்துக்கொள்வேன். அவன் குத்து வராது. அவன் தடுமாறும் நேரத்தில் கையை எடுத்து அடித்துவிடுவேன். "அண்ணா, நான் அழுத்துறேன், போக மாட்டேங்குது" என்பான். "நீ லேட்டா அழுத்துற. கை வேகம் பத்தாதுடா" என்பேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, அந்த விடுமுறை முழுக்கச் சொன்னேன்.

அவன் சும்மா இருக்கவில்லை. டியூஷனில் ஒரு பெரிய பையனிடம் கேட்டு வந்தான். யு.எஸ்.பி.யில் ஒரே சமயத்தில் ஆறு பொத்தான்கள்தான் போகும், கம்ப்யூட்டரின் பின்னாலிருக்கும் ஊதா நிற பி.எஸ். 2 ஓட்டையில் சொருகினால் எத்தனை வேண்டுமானாலும் போகும் என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். அது தவறான செய்தியும் அல்ல. யு.எஸ்.பி. கீபோர்டின் அடிப்படை முறையில் ஒவ்வொரு தடவையும் எட்டு பைட் போகும். ஒன்று ஷிப்ட் வகைப் பொத்தான்களுக்கு, ஒன்று காலி, மீதி ஆறும் ஆறு பொத்தான்களுக்கு. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.எஸ். 2-வில் அழுத்துவதும் விடுவதும் ஒவ்வொன்றாகப் போவதால் அந்த எண்ணிக்கைக் கட்டு இல்லை. சேர்த்து வைத்திருந்த காசில் 60 ரூபாய் கொடுத்து, எங்கள் கீபோர்டை அந்த ஓட்டையில் பொருத்த, விரல் நீளத்துக்கு ஊதா நிற அடாப்டர் ஒன்று வாங்கி வந்தான். கம்ப்யூட்டரை அணைத்துச் சொருகி, மறுபடி போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அன்றும் தோற்றான். அந்த அடாப்டருக்குள் சிப் எதுவும் கிடையாது; கம்பிகளை இடம் மாற்றிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஏ-யும் க்யூ-வும் கீபோர்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. வெளியே எந்த வழியாக அனுப்பினாலும், கிளம்பாத எழுத்து போய்ச் சேராது. அவன் தூங்கிய பிறகு நோட்பேடில் மறுபடி பார்த்தேன். அதே இரண்டு எழுத்துகள் வரவில்லை.

மறுநாள் காலை அடாப்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப என் கைதான் போல" என்றான். என்னைக் குறைசொல்லவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏமாற்றி ஜெயித்ததைவிட அந்த மௌனத்தைத்தான் என் பெரிய குற்றமாக நினைக்கிறேன். அவன் உண்மைக்கு மிகப் பக்கத்தில் வந்து, தன் காசைச் செலவழித்துத் தேடி, கடைசியில் பழியைத் தன் விரல்மேல் போட்டுக்கொண்டான். ஒரே ஒரு வாக்கியம் அதைத் தடுத்திருக்கும். அதைச் சொன்னால் என் வெற்றிகள் அத்தனையும் கீழே விழுந்துவிடும் என்று பயந்தேன்.

அதன்பின் அவன் என்னோடு ஆடவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அப்பா அவனை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்கப் பார்த்தார். நான் ஏற்கெனவே லோயர் முடித்திருந்தேன். நிமிடத்துக்கு 30 வார்த்தை. "எனக்குக் கை மெதுவுப்பா, வராது" என்று சொல்லிவிட்டான். அப்போதும் நான் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடந்த பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். என் மகளும் தம்பியின் ஏழு வயது மகனும் என் லேப்டாப்பில், ஒரே கீபோர்டில், இருவர் ஆடும் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். "பெரியப்பா, அழுத்தினா வரலை" என்றான் பையன். நான் வாய் திறக்கும் முன்பு, ஊஞ்சலில் இருந்த தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: "வேகமா அழுத்துடா. உனக்கும் என் கைதான்."

நான் சொன்ன பொய் அடுத்த தலைமுறைக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். நோட்பேடைத் திறந்து சில பொத்தான்களைப் பிடித்துக்கொண்டு, பையனை எழுத்துகளைத் தட்டச் சொன்னேன். சில வந்தன, சில வரவில்லை. பிறகு 2003இல் நடந்ததை முழுவதும் சொன்னேன்.

தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அடாப்டர் வாங்கினப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் கோபப்படவில்லை. "இவன்கிட்ட நீயே சொல்லு" என்று மகனைக் காட்டினான். பையனை அருகில் உட்கார வைத்துச் சொன்னேன்: "உங்க அப்பா கை மெதுவில்லடா. எங்க கீபோர்டு அப்படி. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லலை."

பரணிலிருந்த பழைய கீபோர்டை எடுத்து லேப்டாப்பில் சொருகிக் கொடுத்தேன். ஆளுக்கொரு கீபோர்டு இருந்தால் ஒருவரின் பொத்தான் மற்றவரின் பொத்தானை மறிக்காது. கம்ப்யூட்டர் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். அன்றும் இதுதான் தீர்வு. தம்பி அடாப்டரைச் சொருகிய அந்த ஊதா ஓட்டை அதுவரை காலியாகவே கிடந்தது. பழைய கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி அதில் போட்டிருந்தால் நாங்கள் சமமாக ஆடியிருப்போம். சில ஆட்டங்களில் நான் தோற்றிருப்பேன். அதற்குத்தான் நான் தயாராக இல்லை.