செவிடுபட்ட கருவி

சிறப்புத் தமிழ் பயிலும் எம்மிடம் மலராசிரியர் எதிர்பார்ப்பது இலக்கியக் கட்டுரையே. யாமோ இவ்வாண்டு ஆறு உலோகக் குழாய்களையும் ஒரு முழக் கம்பியையும் பற்றி எழுதத் துணிந்தோம். நூலிற் கற்றதன்றிக் கையாற் செய்து, பிழைபட்டுக் கற்ற பொருளாதலின், குற்றங் களைந்து கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகின்றோம்.

எம் தாய்மாமன் குடுமியான்மலைக்கு அணித்தாயதோர் சிற்றூரில் வாழ்பவர். அரசாங்க உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். ஊதியங் கருதாது, ஆர்வம் ஒன்றே பற்றி நிலையம் அமைத்துப் பேசும் இத்தகையோரை ‘ஹாம்’ என உலகோர் அழைப்பர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் வானொலியால் செய்திகளை வெளியுலகிற்கு அனுப்பியமை பலரும் அறிந்ததே.

மாமனை இத்துறையிற் புகுவித்தது அச்செய்தியன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கரை கடந்த கஜாப் புயலே. அப்போது எமக்கு அகவை பன்னிரண்டு. எம் தாயைப் பெற்ற அம்மாயி ஆலங்குடிக்கு அப்பாலுள்ள வடகாட்டில் தனித்திருந்தார். தென்னையும் பலாவும் வேரொடு சாய்ந்து வழியை மறித்தன, மின்சாரம் அற்றது, கைபேசிகள் வாயடைத்தன. மாமன் பாதி வழி சைக்கிளிலும் பாதி வழி நடந்தும் சென்று, மூன்றாம் நாளன்றோ அம்மாயியைக் கண்டார்! கூரையிழந்த அம்மூதாட்டி அண்டை வீட்டார் மாட்டுக் கொட்டிலில் நலமாயிருந்தார். ஆயினும் அம்மூன்று நாளும் எம் அன்னையார் உணவுகொள்ளாது வாயிலையே நோக்கியிருந்த காட்சியை யாம் மறந்திலோம்.

நிற்க. கையடக்க வானொலியின் அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. மேடும் மரமும் அதனை மறிக்கும். ஆதலின் உயர்ந்த ஓரிடத்தில் ‘ரிபீட்டர்’ என்னுங் கருவியை நிறுவுவர். அது மெல்லிய குரலை ஓர் அலைவரிசையிற் கேட்டு, அக்கணமே வேறோர் அலைவரிசையில் உரக்கச் சொல்லும். நம் நாட்டில் இவர்க்குரிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அவ்விரண்டிற்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. அன்றியும், கேட்பதும் சொல்வதும் ஒரே ஆண்டெனாவின் வழி நிகழ்தல் வேண்டும். 25 வாட் வலிமையோடு தான் கூவிக்கொண்டே, ஒரு மைக்ரோவோல்ட்டின் ஐந்திலொரு பங்கேயான குரலைச் செவிமடுப்பது எங்ஙனம்?

அதற்கென அமைந்ததே ‘டியூப்ளெக்சர்’. மாமனும் நண்பரும் பெற்ற கருவியில் இடுப்பளவு உயரமான ஆறு குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றினுள்ளும் கால் அலைநீளமாகிய ஏறத்தாழ அரை மீட்டர் அளவினதாய் ஓர் உலோகத் தண்டு நிற்கும். மூன்று குழாய்கள் ஏற்பியின் பக்கம் நின்று, ஒலிபரப்பியின் பேரலையைத் தடுக்கும். மற்றை மூன்றும் ஒலிபரப்பியின் பக்கம் நின்று, அதனின்று எழும் இரைச்சல் ஏற்கும் அலைவரிசையிற் புகாதவாறு காக்கும். தடுக்கும் அளவு 80 டெசிபெல். அஃதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கே கடந்து செல்லும். இக்காவலுக்குக் கூலியாக வெளியேகும் ஆற்றலிலும் ஒரு பகுதி குறையும். இழப்பு ஒன்றரை டெசிபெல்லாயின், 25 வாட்டில் 18-க்குச் சற்றுக் குறைவாகவே ஆண்டெனாவை அடையும்.

குடுமியான்மலைப் பாறையில் இசைக்குறிகளை வெட்டிவைத்தோர் இவ்வேலையைக் கண்டிருப்பின் இதனையும் சுருதி கூட்டல் என்றே சொல்லியிருப்பர். குழாயின் தலையிலுள்ள தண்டை ஏற்றியிறக்கி, விட வேண்டிய அலைவரிசையை முதலிற் பொருத்துக. பின்பு சிறு திருகைத் திருப்பித் தடுக்க வேண்டியதைப் பொருத்துக. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று சிறிது நகருமாதலின் மீண்டும் முதலிலிருந்து தொடங்குக. பூட்டு மரையை இறுக்கும்போதும் நகரும். ஆதலின் இறுக்கிய பின்னரும் அளந்து காண்க. இவை மாமன் எமக்குக் கற்பித்த முறைகள். உரிமமில்லாத எமக்கு ஒலிபரப்பும் விசையைத் தொடுதல் விலக்கு. திருப்புளியும் பற்றவைக்கும் கோலுமே எம் கைக்கு வந்தன.

ஒருநாள் மாலை, ஏற்பிக்குச் செல்லுங் கம்பியை முடிக்கும் பணியை மாமன் எம்மிடம் விடுத்தார். அவர் தந்தது இரட்டைப் பின்னல் உறையுடைய உயர்ந்த கம்பி. அளந்து வைத்த ஒரே துண்டு. யாம் அதனை நான்கு விரல் குறைய வெட்டிவிட்டோம். சொல்ல நாணி, பெட்டியிற் கிடந்த ஒற்றைப் பின்னற் கம்பியொன்றை எடுத்து முனைகளைப் பற்றவைத்து, கறுப்பு நாடா சுற்றி, “முடிந்தது, மாமா” என்றோம்.

மறு ஞாயிறு, ஆலயத்தினின்று திரும்பியபின் கருவியை இயக்கினோம். ஒலிபரப்பி உறங்குகையில் நண்பர் குரல் தெளிவாய்க் கேட்டது; அது விழித்த கணமே குரல் இரைச்சலில் அமிழ்ந்தது. கருவி செவிடுபட்டது. மாமன் ஆண்டெனாவை ஐயுற்றார். அதனைக் கழற்றி, அவ்விடத்தில் ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கும் 50 ஓம் சுமையை இணைத்தும் குறை நீங்கவில்லை. எனவே ஆண்டெனா குற்றமற்றது. ஆறு குழாய்களையும் தனித்தனி அளந்தார். ஒவ்வொன்றும் செம்மையாய் இருந்தது. சேர்த்து அளந்தும் பிழை தென்படவில்லை. எம்மிடமிருந்த சிறு அளவுகருவி ஏறத்தாழ 70 டெசிபெல்லுக்கு அப்பாற் காண வல்லதன்று. இவ்வாறு இரண்டு ஞாயிறுகள் கழிந்தன; பருவமழையோ அணித்தாயிற்று.

மூன்றாம் ஞாயிறு மாமன் சோர்ந்தமர்ந்து, “மாப்பிள்ளை, விற்றவர் நம்மை ஏமாற்றிவிட்டார் போலும். கேட்டுவிடுகிறேன்” என்று கைபேசியை எடுத்தார். குழாய்களை விற்றவர் அவருடைய நெடுநாளைய நண்பர். எமக்கு நா உலர்ந்தது. எண்ணை அழுத்துமுன் அவர் கையைப் பற்றி, “மாமா, அவர் ஏமாற்றவில்லை, யாம்தாம் ஏமாற்றினோம்” என்று நடந்ததனைத்தும் உரைத்தோம்.

அவர் சினப்பாரென அஞ்சினோம். அவரோ நாடாவைப் பிரித்துக் கம்பியை நோக்கிச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “குழாய் ஆறும் வாயிலிற் காவல் நிற்க, அலை சுவரேறிக் குதித்திருக்கிறது” என்றார். ஒலிபரப்பியின் கம்பிக்கு அருகே சென்ற அவ்வொற்றைப் பின்னல் வழியே பேரலையின் சிறு கசிவு நேரே ஏற்பியை அடைந்திருந்தது. புதுக்கம்பி வாங்கி வந்து, இம்முறையும் எம்மையே பற்றவைக்கச் செய்தார். இரு கம்பிகளையும் விலக்கி வைத்தோம். ஒலிபரப்பி விழித்தது, நண்பர் குரல் தேயவில்லை. குழாய்களை விற்றவர்க்கு மாமன் அன்றே பேசினார். கடிந்துரைக்கவன்று, நன்றி கூறற்கு.

உரிய உரிமத்துடன் கருவி மழைக்கு முன் உயரத்தில் ஏறிற்று. ஒருநாள் அம்மாயி வந்திருந்தபோது, ஆலங்குடிப் பக்கத்து நண்பரொருவர் மழை நிலவரம் சொல்லிய குரல் மாமன் கையிலிருந்த வானொலியில் எழுந்தது. அம்மாயி செவிசாய்த்துக் கேட்டு, “இது அந்தப் புயலுக்கு இருந்துச்சாடா?” என்றார். “இல்லை, ஆத்தா” என்றார் மாமன். அவர் வேறொன்றும் வினவாது, அக்குரல் ஓயுமளவும் வானொலியையே நோக்கியிருந்தார்.

நம் சட்டைப்பையிலுள்ள கைபேசியினுள்ளும் அரிசிமணியிற் சிறிய டியூப்ளெக்சர்கள் இப்பணியையே ஓயாது புரிகின்றன. உரக்கப் பேசுங்கால் மெல்லிய குரலைக் கேளாது போதல் கருவிக்கு மட்டும் உரிய குறையன்று. குறைபட்ட அத்துண்டுக் கம்பி எம் மேசைமேல் இன்றும் உளது. உரிமத் தேர்விற்குப் பயிலும்போதெல்லாம் அது எம் கண்ணிற் படும்.