மொட்டை மாடி ரகசியமும் கொஞ்சம் மேகியும்

போன சனிக்கிழமை ராத்திரி ரிலீஸ் வேலை முடிஞ்சும் தூக்கம் வரல. சரின்னு 'ஹாரியட் தி ஸ்பை' எடுத்தேன். லூயிஸ் ஃபிட்ஸ்ஹியூ 1964-ல எழுதினது. குழந்தைங்க புத்தகம்தானேன்னு நினைச்சா, பழைய காயத்துல கை வச்சிருச்சு மக்கா.

நியூயார்க், மன்ஹாட்டன். 11 வயசு ஹாரியட்டுக்கு எழுத்தாளர் ஆகணும்னு ஆசை. அதனால ஸ்கூல் விட்டதும் நோட்டோட வேவு பார்க்கக் கிளம்பிடுவா. மளிகைக்கடைக் குடும்பம், வீடு நிறைய பூனை வளர்க்கிறவர், கட்டிலை விட்டே இறங்காத பணக்கார அம்மா... அந்த அம்மா வீட்ல சாப்பாடு மேல ஏத்துற குட்டி லிஃப்ட்டுக்குள்ள ஒளிஞ்சு ஒட்டுக் கேட்பா! கூடப் படிக்கிறவங்களும் நோட்டுல இருப்பாங்க. ஒருநாள் நோட்டு அவங்க கையிலேயே சிக்குது. சத்தமா வாசிக்கிறாங்க. அப்புறம் அவளோட யாரும் பேசறதில்ல.

அதுல என்னை உலுக்கினது ஸ்போர்ட். அவளோட நெருங்கின தோழன். அவன் அப்பா எழுத்தாளர். சமையல், வீட்டுக் கணக்கு எல்லாம் பையன் தலையில. அவன் கிழவி மாதிரி கவலைப்படுறான்னு ஹாரியட் எழுதி வச்சிருப்பா. பார்த்ததைத்தான் எழுதினா. பொய் இல்ல.

இப்போ கொசுவத்தி சுத்திக்கோங்க. இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல். எனக்கும் எழுத்தாளர் கனவு, எங்கிட்டயும் ஒரு நோட்டு. என் ரூம்மேட் தினமும் ராத்திரி பத்து மணிக்கு போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போவா. அரை மணி நேரம் கழிச்சு கண்ணு சிவந்து வருவா. நமக்குத்தான் துப்பறியும் மூளையாச்சே? காதல், அதுல சண்டைன்னு நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். வசனம் எல்லாம் வச்சு!

செமஸ்டர் லீவுக்கு பெட்டி கட்டுறப்போ நோட்டு அவ கையில கிடைச்சிருச்சு. முழுசும் படிச்சா. கத்தவே இல்ல.

"எங்கப்பா கடன்ல மாட்டிக்கிட்டு இருக்காருடி. தினமும் தைரியம் சொல்லிட்டு வர்றேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே"ன்னா.

பக்கத்து கட்டில். கேட்கிறதுக்கு எனக்கு எத்தனை ராத்திரி இருந்துச்சு! ஒட்டுக் கேட்கிறதுல இருந்த ஆர்வம், "என்னடி ஆச்சு?"ன்னு கேட்கிறதுல இல்ல.

புத்தகத்துல ஹாரியட்டை வளர்த்த ஓல் கோலி அவளுக்கு ஒரு கடிதம் போடுவாங்க. மன்னிப்பு கேளு, தேவைப்பட்டா பொய்யும் சொல்லு, ஆனா உனக்குள்ள உண்மையா இருன்னு. எனக்கு அந்தப் பொய்க்குக் கூட வழியில்ல. நான் எழுதினதே பொய்தானே. அன்னிக்கு ஒரு 'சாரி' சொன்னேன், அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதே இல்ல.

இதை எழுதலாமான்னு நேத்து அவகிட்டயே கேட்டேன். ஏழு வருஷம் லேட்டுதான். ரொம்ப நேரம் 'டைப்பிங்' காட்டிட்டு பதில் வந்துச்சு: "எழுது. என் பேர் வேண்டாம். அப்படியே நீ என் மேகியைத் திருடித் தின்னதையும் எழுது."

டிஸ்கி: திருடினது உண்மை. மூணு பாக்கெட்.