பலகைக்கு அடியில் மண் இருக்கட்டும்

கொழும்பிலே காணியை அளப்பது பேர்ச் கணக்கில். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. 6 பேர்ச் காணியில் வீட்டைக் கட்டி, வாகனம் நிறுத்தவும் இடம் ஒதுக்கினால், பின்புறத்தில் எஞ்சுவது நாலு கதிரை போடும் அளவு நிலமே. அந்தத் துண்டு நிலத்தையும் பெரும்பாலானோர் சீமெந்தினால் மூடிவிடுகின்றனர். சேறு இல்லை, புல் வெட்டும் வேலை இல்லை என்பது அவர்களது நியாயம். நான் வசிக்கும் வெள்ளவத்தை ஒழுங்கையில் மண் தெரியும் முற்றங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் பின்முற்றம் 10 அடி அகலமும் 14 அடி நீளமும் உடையது. ஒரு தேசி மரமும் ஒரு கறிவேப்பிலை மரமும் அதன் சொத்து. மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த பின்னர் ஈரமண்ணில் கால்வைப்பது ஆபத்தாயிற்று. வெளிநாட்டில் இருக்கும் மகன், "டைல்ஸ் பதித்துவிடுங்கள் அப்பா" என்றான். மனைவி இணங்கவில்லை. "மழை விழுந்தால் மண் மணக்காத முற்றம் எனக்கு எதற்கு?" என்றார். இரண்டு பேரின் பேச்சிலும் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் இடமளிக்கும் வழியாகத் தோன்றியதுதான், இன்று 'டெக்' என்று அழைக்கப்படும் பலகைத் தளம்.

வீட்டுக்குள்ளே வானத்தையும் மழையையும் அனுமதிப்பது எமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் அதற்காகவே அமைந்தது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கித் தமது இல்லத்தை அமைத்தபோது, இடைஇடையே சிறிய திறந்த முற்றங்களை விட்டுவைத்தார். நெருக்கமான நகரத்திலும் மழைக்கு ஓர் இடம் கொடுக்கலாம் என்பதற்கு அந்த வீடு சாட்சி. ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெறும் நகரில் எல்லா முற்றங்களையும் சீமெந்தினால் மூடினால், நிலத்துக்குள் இறங்க வேண்டிய நீர் வீதிக்குத்தான் ஓடும்.

மரக்காலைக்குச் சென்றால் முதலில் விலைதான் பயமுறுத்தும். பாலை, முதிரை ஆகியன வன்னிக் காடுகளின் வைரமான மரங்கள். பாலை ஒரு காலத்தில் புகையிரதப் பாதைகளுக்குச் சிலிப்பர் கட்டையாகப் போடப்பட்டது. ஆயினும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வரும் காட்டுமரத்தை வாங்குவது குற்றத்துக்குத் துணைபோவதாகும். மலிவு என்பதற்காக றப்பர் மரத்தையோ அல்பீசியாவையோ வெளியில் போட்டால் கறையானுக்கு விருந்து வைத்ததாகவே முடியும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யப்படும் செயற்கைப் பலகையைக் கறையான் எளிதில் தீண்டாது. ஆனால் நண்பகல் வெயிலில் அது வெறுங்காலைச் சுடும். வெப்பத்தில் நீளும் என்பதால் முனைகளில் இடைவெளியும் விடவேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய பின்னர், இறக்குமதியாகும் அந்தப் பலகை மலிவானது என்ற பேச்சுக்கும் இடமில்லாமற் போனது. நாங்கள் தேக்கைத் தெரிவு செய்தோம்.

வேலைக்கு வந்தவர் கொழும்பு வழக்கில் 'பாஸ்' என அழைக்கப்படும் முதிய தச்சர். பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஏழெட்டை ஒதுக்கிவைத்தார். "ஐயா, தேக்கு என்று பெயர் இருந்தால் போதாது. இந்த ஓரத்து வெளிறைத்தான் கறையான் முதலில் தேடி வரும். வைரம் உள்ளதை மட்டும் போடுவோம்" என்றார். மேலே போடும் பலகைக்குச் செலவிட்டதைவிட அதிக நேரத்தை அவர் நிலத்தில் செலவிட்டார். மண்ணைச் சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிவாக்கி, சரளைக்கல் பரப்பினார். மரம் மண்ணைத் தொடாதபடி சிறிய கொங்கிறீட் கட்டைகளை வைத்து, அவற்றின்மீது 16 அங்குலத்துக்கு ஒன்றாகச் சட்டங்களை இட்டார். பலகைக்கும் பலகைக்கும் இடையே கால் அங்குலம் விட்டார். மழைநீர் அதன் வழியே இறங்கும்; காற்றும் போய்வரும். தளம் பின்வாசலைவிட ஓரங்குலம் தாழ்வாக இருப்பதால் மழைநீர் வீட்டுக்குள் வராது, மனைவியின் காலும் தடுக்காது.

கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இரும்பாணி விரைவில் கறள்பிடிக்கும். ஆகவே துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளைக் கேட்டு வாங்கினோம். பலகையின் வெட்டுமுனைகளில் எண்ணெய் பூசிய பின்னரே அவற்றைப் பொருத்தினார்.

நுளம்பை மறந்துவிட்டு இந்த நகரில் எதையும் கட்டமுடியாது. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். பலகைக்கு அடியில் உருண்டு போகும் ஒரு யோகட் கோப்பையோ சிரட்டையோ போதும், டெங்கு நுளம்பு முட்டையிட. எனவே தளத்தின் இரண்டு பகுதிகளைக் கழற்றி எடுக்கக்கூடியவாறு அமைக்கச் சொன்னேன். வாரத்துக்கு ஒருமுறை அவற்றைத் தூக்கி அடியைப் பார்க்கிறேன். பாசி பிடித்தால் பலகை சீமெந்தைவிட மோசமாக வழுக்கும். அதனால் மழைக்காலத்தில் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுவதும், ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசுவதும் தவிர்க்கமுடியாத வேலைகள்.

இப்போது மனைவி கைத்தடியுடன் தனியாகவே சென்று கறிவேப்பிலை பறிக்கிறார். தேசி மரத்தின் அடியைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டு, சிறு பலகைகளைத் தனியாகப் பொருத்தியிருக்கிறார் பாஸ். மரம் பருக்கும்போது அவற்றை மட்டும் கழற்றி வெட்டிக்கொள்ளலாம். இப்படி ஒரு தளம் அமைக்க எண்ணுவோர், பலகையின் விலையை விசாரிக்க முன்னர், அடைமழை பெய்யும் நாளொன்றில் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.